ரோபோவின் கண்ணைப் பொத்தியது யார்?

அத்தியாயம் 4

தடயம் கிடைத்தால் அதை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று துப்பறியும் பாண்டிதுரைக்கு இதுவரை யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர ஒரு குரு அமைந்திருந்தால் பாண்டிதுரை வேறு உருப்படியான தொழிலுக்குப் போயிருப்பார்.

"கசக்குது," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "கூடவே லேசா ஒரு மருந்து வாடை."

"நாக்கை நீட்டுங்க அண்ணாச்சி," என்றாள் உதவியாளர் மாரிச்செல்வி.

நீட்டினார்.

"பச்சைப் பசேல்னு இருக்கு. கிளியை முழுங்கின பூனை கணக்கா நிக்கிய. செத்த நேரம் யாருகிட்டயும் வாயைத் தொறக்காதிய. உங்க தொழிலுக்கும் அது நல்லதுதான்."

மாரிச்செல்விக்கு நாற்பத்திரண்டு வயது. இதற்கு முன்னால் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவள். பத்து வருஷம் வாசலில் நின்று மனுஷ முகத்தைப் பார்த்துப் பார்த்து, யார் டிக்கெட் இல்லாமல் நுழைகிறான் என்று நடையிலேயே கண்டுபிடிப்பாள். பாண்டிதுரைக்கு அந்த வித்தை கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் 'கருடப் பார்வை துப்பறியும் நிலையம்' என்ற போர்டு, பத்தொன்பது வருஷ அனுபவம், அதில் கண்டுபிடித்த கேஸ் பூஜ்ஜியம். போன வருஷம் காணாமல் போன ஒரு நாயைப் பதினோரு நாள் தேடினார். அது பன்னிரண்டாம் நாள் தானாக வீட்டுக்கு வந்து, வாசலில் விசாரித்துக்கொண்டிருந்த இவரைக் கடித்தது.

அப்படிப்பட்டவர் இன்றைக்கு நின்றுகொண்டிருந்தது ராஜபாளையம் சத்திரப்பட்டி ரோட்டில், அரசு பேண்டேஜ் ஆலையின் பேக்கிங் கூடத்தில். அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணியை இங்கேதான் சுருட்டிப் பெட்டியில் அடைக்கிறார்கள். கூடத்தின் நடுவே கம்பிக்கூண்டு. கூண்டுக்குள் ஏ.சி. காற்றில் மஞ்சள் நிறத்தில் ஒரு இரும்புக் கை. சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு மாதத்துக்கு முன்னால் அனுப்பிவைத்த ரோபோ அது. பெட்டியைத் தூக்கி அடுக்க வேண்டிய கை, இப்போது ஒரு பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி அசையாமல் நின்றது.

கூடத்துப் பெண்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். காரணம் கேட்கவே வேண்டாம். குளுகுளுவென்று வைத்தால்தான் வேலை செய்யும். பக்கத்தில் யாரும் போகக் கூடாது. ஒரு தூசி பட்டால் போதும், முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். மூன்று வாரமாக மாப்பிள்ளை தினமும் காலை பத்தரை மணிக்குக் கோபித்துக்கொண்டார்.

தானாக இல்லை. கூண்டு வாசலில் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பம், அதில் நகத்தளவு கண்ணாடிக் கண். அந்தக் கண்ணை எது மறைத்தாலும், ஆள்தான் உள்ளே வந்துவிட்டார் என்று பயந்து ரோபோ நின்றுவிடும். தினமும் யாரோ ஒரு துண்டுக் கட்டுத்துணியை மடித்து அந்தக் கண்ணில் செருகிவிட்டுப் போகிறார்கள். இன்றைய துண்டில் ஒரு ஓரமாகப் பச்சைக் கறை இருந்தது. இப்போது பாண்டிதுரையின் நாக்கிலும் இருந்தது.

"தம்பி, நின்னுபோச்சுன்னா திரும்ப ஓட்ட எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டார், முடிந்தவரை வாயைத் திறக்காமல்.

பதில் சொன்னவன் விக்னேஷ்வரன். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ரோபோவைப் பார்த்துக்கொள்ள வந்த பையன்.

"ஒரு நிமிஷம் சார். துணியை எடுத்துட்டு ஒரு பட்டனை அமுக்கணும்."

"அமுக்க வேண்டியதுதானே?"

"அப்படி அமுக்க முடியாது சார், இது கவர்மெண்ட் கம்பெனி. ஏன் நின்னுச்சுன்னு நான் எழுதணும். ஃபைலை ஸ்டோர்ஸ் பாக்கணும், பாதுகாப்பு அதிகாரி பாக்கணும், நிர்வாகப் பிரிவு பாக்கணும். கடைசியா ஜி.எம். கையெழுத்து. ஃபைல் திரும்பி வர சாயங்காலம் அஞ்சாயிரும். அஞ்சரைக்கு ஷிப்ட் முடிஞ்சிரும்."

"அதுவரைக்கும் பெட்டியை யாரு அடுக்குவா?"

"அக்காமாருதான். ரோபோ வர்றதுக்கு முன்னாடி அடுக்கின மாதிரியே."

மாரிச்செல்வி மேலே பார்த்தாள். "கேமரா தொங்குதே?"

"தொங்கும். ஓடாது. ரிப்பேருக்கு டெண்டர் விட்டிருக்கோம்."

அவன் நீட்டிய நோட்டில் ரோபோ நின்ற தேதிகள் வரிசையாக இருந்தன. மூன்று வாரத்தில் இரண்டே நாள்தான், பதினொன்றாம் தேதியும் பன்னிரண்டாம் தேதியும், மாப்பிள்ளை மனங்கோணாமல் சாயங்காலம் வரை வேலை பார்த்திருந்தார். மாரிச்செல்வி அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள். பாண்டிதுரை தலையை மட்டும் ஆட்டிவைத்தார். புரியாத இடத்தில் தலையாட்டுவது அவர் தொழிலில் பாதி.

கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள். எல்லாரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். நிரந்தர ஆட்களை அரசு நிறுவனத்தில் அசைக்க முடியாது. ரோபோ ஒரு மாதம் நிற்காமல் ஓடிவிட்டால் இந்த இருபத்திரண்டு பேரும் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஆகவே கண்ணைப் பொத்துவது இவர்களில் ஒருத்திதான் என்று தலைமை அலுவலகம் முடிவே கட்டிவிட்டது. யார் என்று வெளியாளை வைத்து விசாரித்து இன்றைக்கு ஐந்து மணிக்குள் அறிக்கை அனுப்பச் சொல்லி ஜி.எம். குருசாமிக்குக் கடிதம் வந்தது. அவர் பாண்டிதுரையைக் கூப்பிட்டார்.

சந்தேகத்துக்கு ஆள் தயாராக இருந்தாள். பெயர் வெள்ளத்தாய். கூமாப்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவள். பதினாறு வருஷமாக இதே கூடத்தில் பெட்டி அடுக்குகிறாள். புருஷன் இல்லை. மகள் சிவரஞ்சனி மதுரையில் நர்சிங் படிக்கிறாள், முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. வெள்ளத்தாய் ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தாள். இன்றைய அறிக்கையில் அவள் பெயர் வந்தால் நாளைக்குக் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

"அந்த மெமோ எதுக்கு வந்துச்சு தாயி?" என்று கேட்டார் பாண்டிதுரை.

"பொட்டு வச்சதுக்கு."

"பொட்டா?"

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறது நான்தான். புதுசா வந்திருக்கே, இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? மூஞ்சி எதுன்னு தெரியல. கம்பத்துல பளபளன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுதான் நெத்தி போலன்னு அதுல வச்சுப்புட்டேன். மிஷின் படக்குன்னு நின்னுபோச்சு. ஆபீசே ஓடியாந்துச்சு. ஜி.எம்.மு, அந்தத் தம்பி எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாவ. அன்னைக்குத்தான் அதுக்குக் கண்ணு அங்க இருக்குன்னே எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு."

"அதுக்கப்புறம் நீ கைய வைக்கலையா?"

வெள்ளத்தாய் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் பாண்டிதுரை அவள் உள்ளங்கையைப் பார்த்தார். செக்கச்செவேல் என்று மருதாணி.

அவர் மூளையில் மின்னல் அடித்தது. இப்படி மின்னல் அடித்தால் அவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அனுபவம் அதைத்தான் சொல்கிறது. அவர் உட்காரவில்லை.

"மருதாணி!" என்று கத்தினார். இருபத்திரண்டு பேரும் திரும்பினார்கள். "அரைச்ச மருதாணி என்ன நெறம்? பச்சை! இந்தத் துணியில என்ன கறை? பச்சை! கையில மருதாணி வச்சவ யாரு?"

வெள்ளத்தாய் தன் கையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி மகளுக்குச் சடங்கு வச்சிருந்தோம்யா," என்றாள் மெதுவாக. "அதுக்கு வச்ச மருதாணி."

மாரிச்செல்வி அவர் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். துப்பறிவாளர் துப்பறிந்துகொண்டிருக்கும்போது சட்டையை இழுப்பவர்களைப் பாண்டிதுரைக்குப் பிடிக்காது. நேரே ஜி.எம். அறைக்குப் போனார்.

குருசாமி நாற்காலியில் வெள்ளை டவல் விரித்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொன்பதை நெருங்கும் வயது, நிறைய ஃபைல், கொஞ்சம் வயிறு. பாண்டிதுரை மருதாணி விவரத்தைச் சொல்லி முடித்ததும் அவர் ஃபைலை மூடிவைத்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்படியா? மருதாணியா? நல்லது, நல்லது. அதையே எழுதிக் குடுத்துருங்க. நாலரைக்குள்ள குடுத்தீங்கன்னா நான் மெயில் அனுப்பிருவேன். சென்னை மீட்டிங்குல கிழிச்சுட்டாங்க. பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டு நாளும் உக்காரவச்சு மானத்தை வாங்கினாங்க."

பாராட்டு என்பது பாண்டிதுரைக்குக் கிடைக்காத சரக்கு. அதைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தவருக்குக் கால் தரையில் படவில்லை. செருப்பைப் போட மறந்து வெறுங்காலோடு கேட் வரை வந்துவிட்டார் என்பது தார் சுட்ட பிறகுதான் தெரிந்தது. திரும்பப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

டீக்கடையில் மாரிச்செல்வி வடையைப் பிய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க கல்யாணம் பண்ணி எம்புட்டு வருஷம் ஆச்சு?"

"இருபத்தாறு. அதுக்கென்ன?"

"இருபத்தாறு வருஷத்துல மதினி ஒருநா கூடவா மருதாணி வைக்கல? அரைக்கும்போதுதான் அது பச்சை. துணியில பட்டு அரை மணி நேரமானா ஆரஞ்சு நெறமாயிரும். தலையணை உறை, பாவாடை எல்லாம் அப்படித்தான் பாழாப்போகும். இந்தத் துண்டைக் காலையில எடுத்தோம். இப்ப மணி மூணாகப் போகுது. இன்னும் பச்சையாவே இருக்கு."

தன் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே கட்டுத்துணித் துண்டு. கறை பச்சையாகவே இருந்தது.

பாண்டிதுரை வடையைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு பேர் நடுவில் அந்தப் பெண் கையை மறைத்துக்கொண்ட விதம் இப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"அப்போ என்ன பச்சை இது?"

"அதைத்தான் நானும் கேக்கேன். உங்க சட்டைப் பையில இருக்கே, அது என்ன பச்சை?"

குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையின் பைக்கு வெளியே ஐந்து பைசா அளவில் பச்சைக் கறை ஊறியிருந்தது. துணித் துண்டு இவளிடம்தானே இருந்தது? பைக்குள் கையை விட்டார். மடித்த காகிதம் ஒன்று வியர்வையில் நனைந்து வந்தது. ஜி.எம். காலையில் கொடுத்த நியமனக் கடிதம். அவர் போட்ட பெரிய கையெழுத்து ஈரத்தில் கரைந்து விரலில் ஒட்டியது.

துப்பறிவாளர் அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அதே கசப்பு!"

"ஐயோ, உங்களை..." என்று மாரிச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

பச்சை மை. அரசு உத்தியோகத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவது ஆபீசரின் கௌரவம். கிளார்க் போட்டால் உடனே விளக்கம் கேட்பார்கள். இந்த ஆலையில் பச்சைப் பேனா ஒன்றே ஒன்றுதான். பழைய காலத்து மைப் பேனா. நிப்பு கசிந்தால் துடைக்க, துணிக்குப் பஞ்சமில்லாத ஊரில், மேஜை மேல் ஒரு கட்டு பேண்டேஜ் துண்டு கிடந்ததைப் பாண்டிதுரையே பார்த்திருந்தார். பார்த்துவிட்டு, எவ்வளவு சுத்தமான மனுஷன் என்று மெச்சிக்கொண்டார்.

"பதினொண்ணு, பன்னெண்டு," என்றாள் மாரிச்செல்வி, போனில் அந்தப் படத்தைக் காட்டி. "ரோபோ நிக்காத ரெண்டு நாளு. அந்த ரெண்டு நாளும் வெள்ளத்தாயி வேலைக்கு வந்திருக்கா, ஹாஜர் நோட்டுல பாத்தேன். யாரு வரல?"

"ஜி.எம். சென்னையில இருந்தாரு," என்றார் பாண்டிதுரை. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "செல்வி, நாம கண்டுபிடிச்சிட்டோம். நிஜமாவே கண்டுபிடிச்சிட்டோம்!"

"ஒண்ணு மட்டும் எனக்கு ஆரம்பத்துல இருந்தே ஒதைச்சுது. கண்ணைப் பொத்துறவரு எதுக்கு உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லணும்?"

"மேலிடத்து உத்தரவு. அதோட என் திறமையைக் கேள்விப்பட்டு..."

"கேள்விப்பட்டுத்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜி.எம். அக்கா மகளுக்கு வந்த வரனை விசாரிச்சுக் குடுத்தியளே, ஞாபகம் இருக்கா? தங்கமான பையன், பீடி கூடத் தொடமாட்டான்னு எழுதிக் குடுத்திய. விசாரிச்சது அடுத்த வீட்டுப் பையனை. நிச்சயதார்த்தத்தன்னைக்கு நெசமான மாப்பிள்ளை பந்தலைப் புடிச்சுக்கிட்டு நின்னான், நிக்க முடியாம."

"அந்தப் பகையை மறந்து கூப்பிட்டிருக்காரேன்னு நான் சந்தோஷப்பட்டேன்."

"மறக்கல அண்ணாச்சி. ஞாபகம் வச்சிருந்துதான் கூப்பிட்டிருக்காரு. விருதுநகர் மாவட்டத்துல கண்டுபிடிக்கவே முடியாத ஆளு யாருன்னு தேடினா வேற யாரு கெடைப்பா?"

பாண்டிதுரை ஒரு டீயை முழுசாகக் குடித்து முடித்தார். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவரால் மறுக்க முடியவில்லை. இந்தக் கேஸிலேயே ரொம்பச் சரியான தடயம் தன்னுடைய பெயர்தான் என்று ஒத்துக்கொண்டார்.

"வா," என்று எழுந்தார். "முதல்ல அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

வெள்ளத்தாய் கூடத்துக்குப் பின்னால் குழாயடியில் தனியாக டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பாண்டிதுரை போய்க் கைகூப்பினார்.

"தாயி, நான் செஞ்சது பெரிய தப்பு. ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. ஜி.எம்.தான். இனி உனக்கு ஒரு குறையும் வராது. இப்பவே போயி எல்லாத்தையும் ஒடைச்சுச் சொல்லிருதேன்."

அவள் கழுவிய பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று பாண்டிதுரை எதிர்பார்த்தார். அவள் முகம் வெளிறிப்போனது.

"யாருகிட்டயும் சொல்லிட்டியளா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிராதிய சாமி! உங்க காலைப் புடிக்கேன்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் மாரிச்செல்வி.

"மூணு வாரமாத் தெரியும். தெனம் பத்தரைக்கு ரவுண்ஸ் வாராவ. கையைப் பின்னால கட்டிக்கிட்டு மாப்ள பக்கத்துல நிப்பாவ. அவிய போனதும் மிஷின் நின்னுபோகும். எங்கண்ணு அந்தக் கம்பத்து மேலதான இருக்கும், ஒரு தடவை மெமோ வாங்குனவளாச்சே."

"பொறவு ஏன்ட்டி வாயைத் தொறக்கல? பழி உம்மேல விழுது!"

"விழட்டும்க்கா." வெள்ளத்தாய் சேலை நுனியால் கையைத் துடைத்தாள். "அவிய மாட்டிக்கிட்டா நாளைக்கு அந்தக் கண்ணைப் பொத்த ஆளு ஏது? மிஷின் நிக்காம ஓடும். ஒரு மாசம் ஓடுனாப் போதும், நாங்க இருபத்திரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருவோம். ஒருத்தி போனா இருபத்தோரு பேரு இருப்பாளுவல்லா. எதுக்காக இவிய இதைச் செய்தாவன்னு எனக்குத் தெரியாது. என்னத்துக்கோ செய்தாவ, எங்களுக்குச் சோறு கெடைக்கி."

"உம் மக படிப்பு?"

அவள் குழாயைத் திருகி அடைத்தாள். "அது ஒண்ணுதான்க்கா," என்றாள். "அது ஒண்ணுதான் தொண்டையில நிக்கி." சொல்லிவிட்டு அழுதாள்.

பாண்டிதுரை கூண்டைக் கடந்து ஜி.எம். அறைக்குப் போன அந்த நாற்பதடி தூரத்தில் இரண்டு மனசாக நடந்தார். ஒரு மனசு முழுக்கச் செய்தித்தாள் தெரிந்தது. 'அரசு ஆலை மர்மம் அம்பலம், ஸ்ரீவில்லிபுத்தூர் துப்பறிவாளர் சாதனை.' பத்தொன்பது வருஷம் காத்திருந்த வரி அது. நாயிடம் கடி வாங்கியதை ஊர் மறந்துவிடும். இன்னொரு மனசில் அந்தக் குழாயடி மட்டும்தான் இருந்தது.

அறைக் கதவைச் சாத்திவிட்டு, துணித் துண்டையும் நியமனக் கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாரிச்செல்வி பேனா துடைக்கும் துணிக்கட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூன்றாவதாக வைத்தாள்.

குருசாமி மூன்றையும் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். பிறகு பாண்டிதுரையைப் பார்த்து, "நீங்களாய்யா கண்டுபிடிச்சீங்க?" என்றார். மாட்டிக்கொண்ட பயத்தை விட ஆச்சரியம்தான் அதில் அதிகம்.

"நானும் நம்பல சார். எதுக்கு இந்த வேலை? அந்தப் பொண்ணுகளைக் காப்பாத்தவா?"

குருசாமி கொஞ்ச நேரம் அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. நல்ல வாய்ப்புதான். ஆனால் அவர் விட்டுவிட்டார்.

"பொய் சொல்ல மாட்டேன். எனக்காகத்தான். இந்த ஆலையில எல்லாரும் சேந்து நூத்தி அறுபது பேரு. இருபத்திரெண்டு போனா நூத்தி முப்பத்தெட்டு. நூத்தம்பது பேருக்குக் கீழ போன ஆலைக்கு ஜி.எம். கெடையாது, ஒரு உதவி மேலாளர் போதும்னு விதி இருக்கு. ரோபோ அனுப்பினவங்களுக்கு அந்த விதி ஞாபகம் இல்ல. எனக்கு ராத்திரி பூரா அதுதான் ஞாபகம். ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம். என்னைச் சென்னைக்குத் தூக்கி ஒரு மூலையில உக்கார வச்சிருவாங்க. ஒரு ஃபைலு வராது, ஒரு ஆளு வணக்கம் வைக்க மாட்டான். அந்த இரும்புக் கை இருபத்திரெண்டு பேரை வெளிய தூக்கி வச்சிட்டு, அடுத்து என்னைத்தான்யா தூக்கும்."

"அதுக்கு அந்த அம்மா தலையா?" என்றாள் மாரிச்செல்வி.

"சத்தியமா இல்லம்மா! யாரும் மாட்டக் கூடாதுன்னுதானே இவரைக் கூப்பிட்டேன். இவரு ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டாருன்னு நம்பினேன். இவரு என்னடான்னா தப்பான ஆளைக் கண்டுபிடிச்சுக்கிட்டு வந்து நிக்காரு. அஞ்சு மணிக்கு யார் பேராவது போயே ஆகணுமேன்னு பயம். புடிச்சுக்கிட்டேன். தப்புதான்."

பாண்டிதுரை நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு வந்த ஆபத்து ரோபோவால் இல்லை, தலைமை அலுவலகத்தால் இல்லை, குருசாமியால்கூட இல்லை. முழுக்க முழுக்கக் கருடப் பார்வையால். இந்த மனுஷன் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு சாதாரணத் தோல்வி. அதைக்கூட ஒழுங்காகத் தோற்கத் தெரியவில்லை.

"மணி மூணே முக்கால்," என்றாள் மாரிச்செல்வி. "என்ன செய்யப் போறிய அண்ணாச்சி?" முதல் தடவையாக அவள் குரலில் கிண்டல் இல்லை.

பாண்டிதுரை ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார்.

"சார், நான் எழுதித் தாரேன். மூணு வாரச் சம்பவத்தையும் ஆராய்ஞ்சேன், எல்லாரையும் விசாரிச்சேன், யாருன்னு கண்டுபிடிக்க என்னால முடியலன்னு. நீங்க அதுக்குக் கீழ எழுதுங்க. இந்தத் துப்பறிவாளருக்குப் போதிய திறமை இல்ல, ஆகவே வெள்ளத்தாய் மேல உள்ள சந்தேகத்துக்கு ஆதாரம் இல்ல, பழைய மெமோவும் ரத்து. மெமோ ரத்து உத்தரவு அஞ்சு மணிக்கு முன்னாடி அந்த அம்மா கையில இருக்கணும்."

"சென்னையில நம்புவாங்களா?"

"என்னைப் பத்தி ஸ்ரீவில்லிபுத்தூருல யாருகிட்ட வேணும்னாலும் போன் போட்டுக் கேக்கட்டும் சார்."

குருசாமி பேனாவின் மூடியைக் கழற்றினார். "எல்லாம் தெரிஞ்சும் ஒண்ணும் தெரியாதவன்னு எழுதிக்கிறீங்க. உங்க பேரு போயிருமே?"

"இருந்தாத்தானே போகும்," என்றார் பாண்டிதுரை. சிரிக்க முயன்றார். கொஞ்சம்தான் வந்தது. "இன்னொண்ணு சார். நாளையில இருந்து பேனாவைத் துடைக்காத துணியா எடுத்துட்டுப் போங்க. அடுத்து வாறவன் என்னை மாதிரி இருக்க மாட்டான்."

பேனா நின்று நின்று எழுதியது. 'போதிய திறமை இல்லாதவர்' என்ற வரிக்குக் கீழே பச்சைக் கையெழுத்து விழுந்தது. பாண்டிதுரை வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே கேஸ். அதைச் சொல்லிக்கொள்ள வீட்டில் பெண்டாட்டியிடம்கூட முடியாது. அவளிடம் சொன்னால் மறுநாள் மடவார் வளாகம் பூராவும் தெரிந்துவிடும். துக்கம் என்றால் துக்கம்தான், அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. மாரிச்செல்வி பக்கத்தில் வந்து, "நல்ல கையெழுத்து அண்ணாச்சி," என்று மட்டும் சொன்னாள்.

நாலே முக்காலுக்கு விக்னேஷ்வரன் மெமோ ரத்து உத்தரவைக் கூடத்துக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான். துப்பறிவாளருக்குப் போதிய திறமை இல்லை என்ற வரி வந்ததும் கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. வெளியே போகிற வழி அந்தக் கூடத்துக்குள்தான். பாண்டிதுரைக்கு வேறு வழி இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார்.

"வாங்க சார்," என்றான் விக்னேஷ்வரன். "கடைசி வரைக்கும் உங்களால முடியலையா?"

"முடியல தம்பி."

"ஏ அண்ணாச்சி, மருதாணியை வச்சே எங்க எல்லாரையும் செயிலுக்கு அனுப்பப் பாத்தியளே!" என்று ஒருத்தி கத்தினாள். "எங்க வீட்டுக் கோழி ஒண்ணு காணல, நாளைக்கு வந்து தேடுதியளா?" என்றாள் இன்னொருத்தி. "வேண்டாம்ட்டி, கோழியை விட்டுட்டு உன்னைப் புடிச்சுக் குடுத்துருவாரு!" சிரிப்பு நிற்கவே இல்லை. மூன்று வாரம் பயந்து பயந்து வேலை பார்த்தவர்கள் இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். இரும்புக் கை அதே பெட்டியோடு அந்தரத்தில் நின்றது.

வெள்ளத்தாய் உத்தரவுத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் சிரிக்கையில் அவள் மட்டும் சும்மா நின்றால் யாராவது கவனிப்பார்கள். அவளுக்கு அது தெரிந்தது. பாண்டிதுரை பக்கத்தில் வந்ததும், கூடத்துக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"விடுங்கட்டி! பாவம், அவியளால முடிஞ்சது அம்புட்டுத்தான்."

சட்டென்று குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். பெண்கள் அதற்கும் சிரித்தார்கள்.

"ஆமா தாயி," என்றார் பாண்டிதுரை. "அம்புட்டுத்தான்."

மாரிச்செல்வி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர்கள் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வரை அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.